பாகம் பாகமாக ஒரு கணினி: எதில் சிக்கனம், எதில் கூடாது?

மும்பையில் குறைந்த செலவில் மேசைக் கணினி அமைக்க விரும்பும் குடும்பம் பெரும்பாலும் லாமிங்டன் சாலைக்குத்தான் போய்ச் சேருகிறது. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். அப்பெயரைச் சொல்லி வழி கேட்பவர்கள் குறைவு. மாட்டுங்கா ரோடு நிலையத்திலோ, தாராவியை ஒட்டிய மாஹிமிலோ ஸ்லோ வண்டியில் ஏறினால் நேரே கிராண்ட் ரோட்டில் இறங்கலாம். செம்பூர்வாசிகள் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாற வேண்டும். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, டெல்லிக்கு நேரு பிளேஸ் எப்படியோ, மும்பைக்கு இந்தச் சாலை அப்படி.

அங்கே கடைக்காரர் ஒரு தாளில் கொட்டேஷன் எழுதித் தருவார். செயலி, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினெட், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ் என்று பத்து வரிகள் இருக்கும். அடியில் உள்ள கூட்டுத்தொகை நாம் மனத்தில் வைத்திருந்ததைவிட ஐயாயிரமோ ஆறாயிரமோ கூடுதலாக இருக்கும். அதன்பிறகுதான் உண்மையான பேரம் தொடங்குகிறது. எந்த வரியை அடிப்பது, எந்த வரியில் மலிவானதற்கு இறங்குவது?

பெரும்பாலும் முதலில் அடிபடுவது யூபிஎஸ். அடுத்து எஸ்எம்பிஎஸ் மலிவானதாக மாறும். கடைசியில் "பில் வேண்டாமென்றால் இன்னும் குறையும்" என்ற சொல் வரும், நாமும் தலையசைப்போம். செயலியின் பெயரும் கேபினெட்டின் வண்ண விளக்கும் மட்டும் அப்படியே நிற்கும். இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் கருத்து. பின்னால் சேர்த்துக்கொள்ளக்கூடியவற்றில் இன்று சிக்கனம் செய்யலாம். மற்ற பாகங்களைக் காப்பவற்றிலும், பின்னால் மாற்ற முடியாதவற்றிலும் சிக்கனம் செய்யக் கூடாது.

மேசைக் கணினி யாருக்கு?

மேசைக் கணினி எல்லோருக்கும் ஏற்றதன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் ஒரு மேசைக்கு இடம் ஒதுக்குவது எளிதல்ல. கல்லூரிக்குக் கணினியைத் தூக்கிச் செல்ல வேண்டிய மாணவருக்கு லேப்டாப்தான் பொருத்தம். பாடக் காணொளி பார்ப்பதற்கு மட்டும் என்றால் கையிலுள்ள மொபைலே போதும்.

ஆனால் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை, டேலியில் கணக்கு எழுதும் சிறு வணிகர், தையல் கூடத்துக்கு வடிவமைப்புச் செய்பவர், வீட்டிலிருந்தே தட்டச்சுப் பணி செய்யும் பெண் ஆகியோருக்கு ஒரே இடத்தில், பெரிய திரையில், முழு அளவு கீபோர்டில் நாள்தோறும் பல மணிநேர வேலை இருக்கிறது. அவர்களுக்கு மேசைக் கணினி தரும் வசதி வேகம் மட்டுமன்று. ஒரு பாகம் பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் திரையோ மதர்போர்டோ போனால் பழுதுச் செலவு பல சமயம் புதியது வாங்கும் விலையை நெருங்கிவிடும். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருப்பதால், நினைவகத்தைப் பின்னால் கூட்டவும் வழியில்லை.

எஸ்எம்பிஎஸ்: கண்ணில் படாத காவலாளி

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் அளிப்பது எஸ்எம்பிஎஸ். நல்ல எஸ்எம்பிஎஸ் மின்னழுத்தம் எகிறினாலோ, குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தானே நின்றுவிடும். தரமற்றது அந்த அதிர்ச்சியை மதர்போர்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் கடத்திவிடும். சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் போய்ப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளைப் பணயம் வைக்கிறோம்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருக்கலாம். அச்சிட்ட எண் மட்டும் உத்தரவாதமாகாது. '80 பிளஸ்' சான்று உள்ளதா என்று பார்க்க வேண்டும். முழுத் திறனில் 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் சோதித்து, குறைந்தது 80 விழுக்காடு திறனோடு மின்சாரத்தை மாற்றுவதை உறுதிசெய்யும் சான்று அது. திறனைத்தான் அது அளக்கிறது, பாதுகாப்பை அன்று. ஆகவே மின்னழுத்த மிகைப்பு, மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் உள்ளனவா என்று பெட்டியிலுள்ள விவரத்திலும் பார்த்துக்கொள்வது நல்லது.

திறனின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். கணினியின் உள்பாகங்களுக்கு 80 வாட் தேவை எனக் கொள்வோம். 80 விழுக்காடு திறனுள்ள எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 100 வாட் எடுக்கும். 65 விழுக்காடு திறனுள்ளது ஏறத்தாழ 123 வாட் எடுக்கும். நாளுக்கு 6 மணிநேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 50 யூனிட் வேறுபாடு. தொகை பெரிதன்று. ஆனால் வீணாகும் அந்த மின்சாரம் வெப்பமாகக் கணினிப் பெட்டிக்குள்ளும் நம் அறைக்குள்ளும்தான் இறங்குகிறது. மே மாதத்து மும்பையில், ஒரே சன்னல் உள்ள அறையில் அது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

எஸ்எம்பிஎஸ் எவ்வளவு நல்லதானாலும் வீட்டில் எர்த்திங் சரியாக இருக்க வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, கணினி மூன்றையும் செருகும் வழக்கம் பழைய சாலிலும் உண்டு, புதிய அடுக்குமாடியிலும் உண்டு. கணினி வாங்கும் முன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, மூன்று துளைச் செருகியில் எர்த் இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று சோதிக்கச் செய்வது மிக மலிவான முதலீடு. சிறிய யூபிஎஸ் ஒன்றும் தேவை. மின்சாரம் நின்றபின் மணிக்கணக்கில் வேலை செய்வதற்காக அன்று. எழுதியதைச் சேமித்துக் கணினியை முறையாக அணைப்பதற்கான சில நிமிடங்களுக்காக.

மழைக்காலத்தையும் மறக்கக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய நாள் மீண்டும் வராவிட்டாலும், தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவு நீர் ஆண்டுதோறும் வருகிறது. கணினிப் பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதற்குச் செலவே இல்லை.

மதர்போர்டு: நாளைக்கான இடம்

மதர்போர்டில் செயலி பொருந்தும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். சாக்கெட் மாறினால் போர்டும் மாற வேண்டும். ஆகவே போர்டைத் தேர்ந்தெடுப்பது, அடுத்த ஐந்தாண்டுகளில் எவற்றைச் சேர்க்க முடியும் என்பதைத் தேர்ந்தெடுப்பதே ஆகும்.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2022இலும் அதற்குப் புதிய செயலிகள் வெளிவந்தன. தொடக்கத்தில் எளிய செயலி வாங்கியவர்களில் பலர், போர்டை மாற்றாமல், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துப் பன்மடங்கு வேகமான செயலியைப் பொருத்திக்கொண்டனர். அதன் வாரிசான ஏஎம்5, 2022 செப்டம்பரில் வந்தது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 2021 இறுதியில் 12ஆம் தலைமுறையோடு தொடங்கி 14ஆம் தலைமுறையோடு நின்றது. 2024இல் வந்த செயலிகளுக்கு வேறு சாக்கெட்.

இங்கே நினைவகத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 ரேம் மட்டும், ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும் பொருந்தும். எல்ஜிஏ1700 போர்டுகளில் இரு வகையும் உண்டு. ஆனால் ஒரு வகைக்கான இடத்தில் மற்றது நுழையாது. வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ரேம் செருக எத்தனை இடங்கள்? எம்.2 எஸ்எஸ்டிக்கு இடம் உண்டா? இதே போர்டில் இதைவிட வேகமான எந்தச் செயலி வரை பொருந்தும்? மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் விடை சொல்லத் தயங்கினால், தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த போர்டின் செயலிப் பட்டியலை அங்கேயே மொபைலில் பார்த்துவிடலாம்.

காத்திருக்கக் கூடியவை

செயலியில் கவனிக்க வேண்டியது, அதனுள்ளேயே கிராபிக்ஸ் வசதி இருக்கிறதா என்பது. இன்டெல் செயலிப் பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்த வசதி இல்லை என்று பொருள். விலை சற்றுக் குறைவாகத் தெரியும். ஆனால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் திரையில் எதுவும் வராது. நான்கு கோர் கொண்ட கோர் ஐ3-12100, ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற செயலிகளில் கிராபிக்ஸ் உள்ளடங்கியே இருக்கிறது. பள்ளி, கல்லூரிப் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் நிரல் எழுதிப் பழகுவதற்கும் எளிய காணொளித் தொகுப்புக்கும் இவை போதும். விளையாட்டுக்கோ கனமான வடிவமைப்புக்கோ கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டால் அதைப் பின்னால் செருகிக்கொள்ளலாம். அப்படி எண்ணமுள்ளவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸை அதற்கேற்பத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டும்.

ரேம் விலை 2025இன் இறுதி மாதங்களில் உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியது அதற்கு முக்கியக் காரணம். எங்கோ எழும்பும் தரவு மையத்தின் பசிக்கு மாட்டுங்காவிலுள்ள மாணவரும் விலை கொடுக்கிறார். இத்தகைய காலத்தில் 16 ஜிபியை ஒரே மூச்சில் வாங்க முடியாதவர்கள் 8 ஜிபியை ஒரே துண்டாக வாங்கி, அடுத்த இடத்தைக் காலியாக விடலாம். இரண்டு துண்டுகள் சேர்ந்தால்தான் உள்ளடங்கிய கிராபிக்ஸ் முழு வேகத்தில் இயங்கும் என்பது உண்மையே. ஆனால் அது ஆறு மாதம் பொறுக்கக்கூடிய குறை. 4 ஜிபி துண்டுகள் இரண்டை வாங்கி இரு இடங்களையும் நிரப்பிவிட்டால், பின்னால் கூட்டும்போது அவற்றைக் கழற்றி எறிய வேண்டியிருக்கும்.

இயங்குதளம் இருக்கும் வட்டு மட்டும் எஸ்எஸ்டியாகவே இருக்கட்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இயங்கும் கணினி, செயலி எவ்வளவு நல்லதானாலும் தவழும். மானிட்டரும் காத்திருக்கும். வீட்டில் எச்டிஎம்ஐ இணைப்புள்ள தொலைக்காட்சி இருந்தால் முதல் சில மாதங்களுக்கு அதுவே திரையாகும். பாட்டியின் மாலைத் தொடருக்கும் பேரனின் பாடத்துக்கும் நேரம் பிரித்துக்கொள்ள ஓர் உடன்படிக்கை மட்டும் தேவைப்படும்!

பில்லும் ஒரு பாகமே

கணினிப் பாகங்களுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வரிக்கு முந்தைய மதிப்பு ரூ. 25,000 என்றால் வரி ரூ. 4,500. பில்லைத் தவிர்த்தால் இத்தொகை மிச்சம் என்று தோன்றும். ஆனால் சில்லறைப் பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்குப் பொதுவாக 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு; எஸ்எஸ்டிக்கு 3 அல்லது 5 ஆண்டுகள். பில் இல்லாத பாகத்துக்கு இந்த ஆண்டுகளை நிரூபிப்பது கடினம். பெட்டியில்லாமல் 'டிரே' என்ற பெயரில் விற்கப்படும் செயலிக்குத் தயாரிப்பாளரின் நேரடி உத்தரவாதம் வாங்குவோருக்குக் கிடைப்பதில்லை.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் தனித்தனியே இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் செட் - 1' என்று ஒரே வரியில் எழுதிய பில், ரேம் பழுதாகும் நாளில் உதவாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தொடுக்கலாம், ரூ. 5 லட்சம் வரையிலான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது பில்.

பணத்தை யுபிஐ மூலமோ அட்டை மூலமோ செலுத்தினால் வங்கிக் கணக்கில் அதன் தடம் நிற்கும். டெபிட் அட்டைக்கு இரண்டு விழுக்காடு கூடுதலாகக் கேட்டால் மறுக்கலாம். அட்டைப் பரிவர்த்தனைக்கான கட்டணத்தை வணிகர் டெபிட் அட்டை வாடிக்கையாளர்மீது சுமத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.

கடனா, காலி இடமா?

கொட்டேஷனின் மேல்தொகையைத் தவணையில் கட்டலாம் என்ற யோசனையும் வரும். 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லை நம்பும் முன் கணக்குப் பார்க்க வேண்டும். பூஜ்ய வட்டி என்பது உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டி, அத்தகைய திட்டங்களுக்குத் தடை விதித்தது. இன்று காணும் திட்டங்களில் வட்டி, தள்ளுபடி என்ற வேடத்தில் வரவு வைக்கப்படுகிறது. கடன் அட்டைத் தவணையின் வட்டிப் பகுதிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனியாக வரும். செயலாக்கக் கட்டணமும் இருக்கலாம். ரொக்க விலையில் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமலும் போகலாம்.

வருமானம் ஈட்டித் தரும் கணினிக்குக் கடன் வாங்குவதில் தவறில்லை. வேலை காத்திருக்கிறது, கணினி வந்தால் அடுத்த மாதமே வரவு என்றால் கடன் நியாயமானது. ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கும் இரண்டாவது ரேமுக்கும் பெரிய மானிட்டருக்கும் கடன் தேவையில்லை. மதர்போர்டில் காலியாக உள்ள ஒவ்வோர் இடமும் நாம் பின்னால் நிரப்பிக்கொள்ளக்கூடிய சேமிப்பு. மாதம் ரூ. 1,000 தொடர் வைப்பில் போட்டால், முதிரும்போது அடுத்த பாகத்தை வட்டி கட்டாமல், வட்டி பெற்றே வாங்கலாம்.

பழைய அலுவலகக் கணினிகள்

இதே சாலையிலும் வேறு இடங்களிலும் அலுவலகங்கள் கழித்த டெல், எச்பி, லெனோவா மேசைக் கணினிகள் புதுப்பிக்கப்பட்டு மலிவாகக் கிடைக்கின்றன. நல்ல நிலையில் உள்ளதை வாங்குவதில் இழுக்கில்லை; பல குடும்பங்களுக்கு அதுவே சரியான தேர்வு. ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலியானால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே கழிக்கப்படும் பழைய கணினிகள் சந்தைக்கு வருகின்றன. 'ஐ7' என்ற பெயரைக் கண்டு மயங்காமல், அது எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும். பழைய ஐ7ஐவிடப் புதிய ஐ3 வேகமாக இருப்பது சாதாரணம். சிறிய பெட்டியில் வரும் இத்தகைய கணினிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் தனி வடிவம் கொண்டவை. கடையில் கிடைக்கும் பொது பாகம் பொருந்தாது.

இயங்குதளத்தில் திருட்டு வேண்டாம்

கடைக்காரர் 'இலவசமாக' ஏற்றித் தரும் திருட்டு விண்டோஸ், நாம் சேமித்த எல்லாவற்றையும் ஒரே இரவில் இழக்கச் செய்யக்கூடும். உரிமத்தை உடைக்கும் நிரலோடு, விசைப்பலகையில் தட்டுவதை ஒற்றறியும் நிரலும் சேர்ந்து வரலாம். அந்தக் கணினியில் இணைய வங்கிச் சேவையைத் திறப்பது, வீட்டுச் சாவியின் நகலை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். உரிமத்துக்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் உண்டு. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்யவும் அலுவலக ஆவணங்கள் எழுதவும் நிரல் பழகவும் இவை போதும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவைப்படுவோர் மட்டும் உரிமத்துக்கான தொகையைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிட வேண்டும். இணையவழிப் பண மோசடி நேர்ந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

ஐந்தாம் ஆண்டில்

கழிக்கப்பட்ட கணினிகள் மறைந்துவிடுவதில்லை. அவற்றின் பிளாஸ்டிக்கும் செம்பும் இரும்பும் எங்கோ ஒருவர் கையால் பிரிக்கப்படுகின்றன. இந்த நகரில் அந்தக் கைகளில் பல தாராவியைச் சேர்ந்தவை. ஒரே போர்டில், ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் கூடுதலாக மூன்று ஆண்டுகள் ஓடும் கணினி நம் பணத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை; அந்தக் கைகளுக்குப் போகும் நச்சுக் குப்பையையும் குறைக்கிறது.

கொட்டேஷனைக் கையில் வாங்கியதும் முதலில் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, யூபிஎஸ், பில் ஆகிய நான்கின்கீழும் ஒரு கோடு இழுத்து, "இவற்றைத் தொட வேண்டாம், மற்றவற்றில் குறையுங்கள்" என்று சொல்லுங்கள். குறைக்க இடமில்லை என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த கடை பத்தடி தொலைவில்தான் இருக்கிறது.